‘முடிந்தது’ என்று எழுதுவது யார்? மின்பாடங்களில் பாடப்பட்டியலின் வரலாறு

சென்ற ஆண்டு எங்கள் துறையைச் சேர்ந்த அனைவரும் ஓர் இணையவழிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆய்வு மாணவராக இருந்துகொண்டே இளங்கலை வகுப்புகளும் எடுப்பதால் எனக்கும் அது பொருந்தியது. மதிப்பீட்டு முறைகளைப் பற்றிய அந்தப் பாடம் 11 பகுதிகளைக் கொண்டது. திரையின் இடப்புறத்தில் பகுதிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு பகுதி முடிந்ததும் அதன் அருகில் பச்சை நிறச் சரிக்குறி ஒன்று தோன்றும். பதினொன்றும் பச்சையான பிறகே சான்றிதழைத் தரவிறக்கும் பொத்தான் திறக்கும்.

நான் நான்கு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் வகுப்பறை அனுபவத்தோடு பொருத்தி எழுதச் சொல்லி ஒரு கேள்வியும், விடை எழுத ஒரு பெட்டியும் இருந்தன. எல்லாக் கேள்விகளுக்கும் ஏழெட்டு வரிகள் எழுதினேன். ஒன்பதாம் பகுதியை முடித்துவிட்டுக் கணினியை மூடினேன். மறுநாள் திறந்தபோது பட்டியலில் ஒரு குறிகூட இல்லை. உதவி மையத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, முதலிலிருந்து தொடங்குமாறு ஒரே வரியில் விடை வந்தது.

அதே வாரத்தில் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே காணொலிகளை ஒருபுறம் ஓடவிட்டார். பெட்டிகளில் ‘சரி’ என்று மட்டும் தட்டச்சு செய்து, ஒரே பிற்பகலில் பதினொன்றையும் பச்சையாக்கிவிட்டார். அவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல்லாண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு அந்தப் பாடத்தில் புதியது என்று ஏதும் இருந்திருக்காது. என்னை உறுத்தியது வேறொன்று. உட்கார்ந்து படித்த என் பட்டியல் வெறுமையாக இருந்தது. படிக்கத் தேவையில்லாதவரின் பட்டியல் நிறைந்திருந்தது. அப்படியானால் அந்தக் குறி எதை அளந்தது? அதை இட்டது யார்? யார் பார்ப்பதற்காக இட்டது?

இக்கேள்விகளோடு, மெனு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பாடப்பட்டியலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து எனக்குத் துலங்கியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பாடப்பட்டியலில் இரண்டு வேறு மரபுகள் கலந்திருக்கின்றன. கற்பவர் தம் வழியைத் தாமே அறிந்துகொள்ள வரையப்பட்ட வரைபடம் ஒன்று. கற்பவரை மேற்பார்வையிடுவோருக்காக எழுதப்பட்ட பதிவேடு மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே திரையில், ஒரே குறியில் வந்து சேர்ந்ததிலிருந்துதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

1. பதிவேடும் எந்திரமும்

பதிவேட்டின் மரபு மிகப் பழையது. அதில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை ஆண்கள் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது ‘மதராஸ் முறை’ என்று உலகமறிந்தது. ஆசிரியர் ஒருவர் நேரில் கவனிக்க முடியாத அளவுக்கு மாணவர் பெருகும்போது, அன்றன்று நடந்த பாடத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு இன்றியமையாததாகிவிடுகிறது. பெல்லின் முறையில் பதிவேடுகளுக்கு முக்கிய இடம் இருந்தது இதனால்தான். நேரில் பார்க்க முடியாதவருக்காகவே பதிவேடு தோன்றியது என்பதை இங்கே மனத்தில் கொள்வோம்.

எந்திரம் இந்த வேலையை ஏற்றது 1920களில். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிரெசி 1926இல் வெளியிட்ட கட்டுரை, தேர்வு நடத்தி மதிப்பெண்ணும் இடும் ஒரு சிறு கருவியை அறிமுகப்படுத்தியது. சாளரம் போன்ற திறப்பில் பலவுள் தெரிவு வினா ஒன்று தோன்றும். நான்கு விசைகளில் ஒன்றை மாணவர் அழுத்துவார். கருவியைத் தேர்வு முறையில் வைத்தால் எந்த விசையை அழுத்தினாலும் அடுத்த வினாவுக்கு நகர்ந்துவிடும். சரியான விடைகளை மட்டும் எண்ணிக்கொள்ளும். கற்பித்தல் முறைக்கு மாற்றினால் சரியான விசையை அழுத்தும்வரை நகராது. பதிவேடு, பூட்டிய கதவு ஆகிய இரண்டும் அந்தச் சிறு பெட்டிக்குள் அன்றே அமைந்துவிட்டன.

1950களில் பி. எஃப். ஸ்கின்னர் உருவாக்கிய கற்பிக்கும் எந்திரம் பாடத்தை மிகச் சிறிய படிகளாக உடைத்தது. மாணவர் தம் வேகத்தில் போகலாம். ஆனால் ஒரே பாதையில்தான் போகலாம். அவர் காலத்தவரான நார்மன் கிரவுடர் கிளைவழிகளை அமைத்தார். தவறான விடையைத் தேர்ந்தவர், அத்தவறை விளக்கும் பக்கத்துக்கு அனுப்பப்படுவார். எனினும் எந்தக் கிளைக்குப் போவது என்பதைப் பாடம் எழுதியவரே முன்கூட்டித் தீர்மானித்திருந்தார். இவற்றுள் எதிலும் பாடத்தின் முழு வடிவத்தை மாணவர் பார்க்க வழியில்லை. தாம் எங்கிருந்து வந்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்திரம் அறியும், கற்பவர் அறியார்.

2. வரைபடம் மாணவர் கைக்கு வந்தது

1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ திட்டம், கணினியைக் கற்பித்தலுக்கெனவே பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் வந்த அதன் நான்காம் வடிவத்தில் பிளாஸ்மா திரையும், விரலால் தொட்டுத் தெரிவுசெய்யும் வசதியும் இருந்தன. பட்டியலில் உள்ள ஒரு தலைப்பைத் தொட்டு அதற்குள் நுழைவது இன்று நமக்குப் பழகிப்போன செயல். அன்று அது புதுமை.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது பிளேட்டோவின் நினைவகம். பால் டென்சார் 1967இல் வடிவமைத்த டியூட்டர் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு மாணவருக்கும் 150 மாறிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மாணவர் எழுந்து போன பிறகும் அவற்றின் மதிப்புகள் அழியாமல் காக்கப்பட்டன. எந்தப் பாடத்தை முடித்தார், எந்த இடத்தில் நிறுத்தினார், மறுமுறை எங்கே தொடங்கவேண்டும் என்பனவற்றைப் பாடம் எழுதுவோர் அவற்றில் சேமித்தனர். பாடங்களின் அட்டவணையைக் காட்டி மாணவரை உரிய இடத்துக்கு அனுப்பும் வேலைக்கென்றே ‘ரௌட்டர்’ எனப்பட்ட தனி நிரல்கள் எழுதப்பட்டன. நினைவில் வைத்திருக்கும் பாடப்பட்டியலின் நேரடி முன்னோர் இவையே.

ஆனால் வரைபடத்தைக் கற்பவரின் உரிமையாகவே கருதி வடிவமைத்தது, 1970களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியுதவியோடு எழுந்த டிக்கிட் என்ற திட்டம். மைட்டர் நிறுவனம் கருவிகளை அமைத்தது. விக்டர் பண்டர்சன், டேவிட் மெரில் முதலியோர் இருந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகக் குழு பாடங்களை உருவாக்கியது. வண்ணத் தொலைக்காட்சியே திரை. அதன் விசைப்பலகையில் வழக்கமான எழுத்துகளோடு தனிவகை விசைகள் சில இருந்தன. விதியைக் காண ஒன்று, எடுத்துக்காட்டைக் காண ஒன்று, பயிற்சி செய்ய ஒன்று. எளிதாக்க ஒன்று, கடினமாக்க ஒன்று. உதவிக்கும் அறிவுரைக்கும் தனித்தனியே. வரைபடத்துக்கும் ஒரு விசை இருந்தது. அதை அழுத்தினால் பாடத்தின் கட்டமைப்பு முழுவதும் திரையில் விரியும்.

எதை முதலில் படிப்பது, எத்தனை எடுத்துக்காட்டுகள் போதும், எப்போது பயிற்சிக்குப் போவது என்பவற்றை எல்லாம் கற்பவரே முடிவு செய்யலாம் என்பது டிக்கிட்டின் கொள்கை. அறிவுரை விசையை அழுத்தியவருக்குக் கணினி யோசனை சொல்லும். ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

இதன் விளைவு என்னவாயிற்று? அரிசோனாவிலும் வர்ஜீனியாவிலும் உள்ள இரு சமுதாயக் கல்லூரிகளில் டிக்கிட் செயற்பட்டதைக் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனம் மதிப்பிட்டு 1978இல் அறிக்கை தந்தது. கணிதப் பாடங்களில், டிக்கிட் வழியே படித்து முடித்தவர்கள் விரிவுரை வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகவே தேறினர். ஆனால் ஒரு பருவத்துக்குள் பாடத்தை முடித்தவர்கள் டிக்கிட்டில் 16 விழுக்காடு மட்டுமே. விரிவுரை வகுப்புகளில் 50 விழுக்காடு.

மின்கற்றலின் வரலாற்றில் இவ்விரு எண்களும் பெற்றிருக்கவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். இவற்றை இரண்டு விதமாகப் படிக்கலாம். வழியைக் கற்பவரிடம் விட்டால் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுவர் என்பது ஒரு வாசிப்பு. முடித்தோர் எண்ணிக்கையும் கற்றலின் தரமும் ஒன்றல்ல. ஒன்று குறையும்போதே மற்றது உயரவும் கூடும் என்பது இன்னொரு வாசிப்பு. பாடங்களுக்குச் செலவிடுவோரும் அவற்றை நிருவகிப்போரும் முதல் வாசிப்பையே எளிதாக ஏற்பர்; ஏனெனில் முடித்தோர் எண்ணிக்கை உடனே கண்ணுக்குப் படுகிறது. கற்றலின் தரத்தை அறியத் தனியே தேர்வு வைக்கவேண்டும்; ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்; காத்திருக்கவேண்டும்.

3. விமானத் துறையிலிருந்து வந்த பொதுமொழி

1980களில் தனிக்கணினிகள் பரவின. 1987இல் ஆப்பிளின் ஹைப்பர்கார்டு வந்தது. ஆதர்வேர் என்ற பாடம் உருவாக்கும் மென்பொருளும் அதே காலத்தது. நிரல்மொழி அறியாத ஆசிரியரும் பட்டியல், பொத்தான், கிளைவழி ஆகியவற்றைக் கொண்டு பாடம் அமைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் ஒவ்வொரு பாடமும் தன் குறிப்பைத் தன் வழியில் எழுதிவைத்தது. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க முடியாது.

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்க்க முனைந்தவர்கள் கல்வியாளர்கள் அல்லர், விமானத் துறையினர். விமானம் செய்யும் நிறுவனங்கள் தத்தம் பயிற்சிப் பாடங்களைத் தத்தம் கருவிகளோடு வழங்கின. பலவகை விமானங்களை வைத்திருந்த போக்குவரத்து நிறுவனங்கள் அவற்றையெல்லாம் சேர்த்து நடத்தத் திணறின. 1988இல் விமானத் துறைக் கணினிவழிப் பயிற்சிக் குழு அமைந்தது. பாடமும் அதை நடத்தும் அமைப்பும் ஒன்றோடொன்று எப்படிப் பேசவேண்டும் என்ற வழிகாட்டு நெறியை அக்குழு 1993இல் வெளியிட்டது. யார் நுழைந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன மதிப்பெண் பெற்றார், எந்த நிலையில் வெளியேறினார் என்பனவே அந்தப் பேச்சின் பொருள்.

விமானியோ பழுதுபார்ப்பவரோ உரிய பயிற்சியைப் பெற்றிருக்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட துறை அது. ஆனால் அங்கே பிறந்த சொல்வளம் அப்படியே எல்லாக் கல்விக்கும் பொதுமொழியானபோது, பாடப்பட்டியல் பார்க்கும் திசை மாறிவிட்டது. டிக்கிட்டின் வரைபடம் கற்பவரின் கண்ணுக்காக வரையப்பட்டது. புதிய மொழி மேலாண்மை அமைப்பின் காதில் சொல்வதற்காக உருவானது.

4. ஆறு சொற்களும் 4,096 எழுத்துகளும்

1997இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியால் தொடங்கிய ஏ.டி.எல். என்ற அமைப்பு, விமானத் துறையின் நெறிகளை உள்வாங்கி ஸ்கார்ம் என்ற தரநிலையை 2000இல் வெளியிட்டது. 2001 அக்டோபரில் வந்த அதன் 1.2ஆம் பதிப்பு உலகெங்கும் பரவியது. கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் பல பாடங்கள் அந்தப் பதிப்பிலேயே இயங்குகின்றன.

ஒரு கற்பவரின் நிலையைச் சொல்ல அந்தப் பதிப்பு ஆறு சொற்களைத் தந்தது: தேறினார், முடித்தார், தவறினார், முடிக்கவில்லை, பார்வையிட்டார், தொடவில்லை. இவற்றுள் ‘பிரவுஸ்டு’ என்ற ஐந்தாம் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் புரட்டிவிட்டு மீண்டும் அடுக்கில் வைப்பதைப்போல, கணக்கில் சேராமல் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுப் போகவும் கற்பவருக்கு இடமுண்டு என்று அது சொன்னது. 2004இல் வந்த அடுத்த பெரும்பதிப்பு ‘முடித்தல்’ வேறு, ‘தேறுதல்’ வேறு என்று இரண்டாகப் பிரித்தது. அது வரவேற்கத்தக்க தெளிவு. ஆனால் அந்தப் பிரிவினையில், நிலையைக் குறிக்கும் சொற்களின் வரிசையிலிருந்து ‘பார்வையிட்டார்’ நீங்கிவிட்டது. பார்வையிடும் முறை என்ற ஏற்பாடு மட்டும் எஞ்சியது.

இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. 1.2ஆம் பதிப்பில், பாடம் தன் நிலையைப் பற்றி எதுவும் தெரிவிக்காமல் மூடப்பட்டால், மேலாண்மை அமைப்பு அதை ‘முடித்தார்’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். வாய்திறவாமையும் முடித்தலாகவே எண்ணப்பட்டது.

இனி நம் பச்சைக் குறிக்கு வருவோம். மேலாண்மை அமைப்புக்குப் பெரும்பாலும் பாடம் முழுவதும் ஒரே பொட்டலமாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் 11 பகுதிகளை அது அறியாது. ஆகவே உட்பட்டியலைப் பாடமே வைத்து நடத்தவேண்டும். பகுதி ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற மதிப்புடைய மாறி ஒன்று அமைக்கப்படும். தொடக்கத்தில் எல்லாம் ‘இல்லை’. ஏதோ ஒரு கட்டத்தில் மதிப்பு ‘ஆம்’ என்று மாறும். பட்டியல் திரை திறக்கும்போதெல்லாம் இந்த மாறிகளைப் பார்த்து, ‘ஆம்’ என்று உள்ளவற்றின் அருகே குறியைக் காட்டும். எல்லாம் ‘ஆம்’ ஆனதும் இறுதித் தேர்வோ சான்றிதழ்ப் பொத்தானோ திறக்கும்.

அந்த ‘ஏதோ ஒரு கட்டம்’ எது என்பதில்தான் பாடத்தின் கல்விக்கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைப்பைச் சொடுக்கியவுடன் மாறினால், குறியின் பொருள் ‘கதவைத் திறந்தார்’ என்பது. கடைசித் திரையின் காணொலி ஓடி முடிந்ததும் மாறினால், ‘இருந்தார்’ என்பது. கேள்விக்குச் சரியான விடை தந்ததும் மாறினால், ‘அந்த நேரத்தில் அறிந்திருந்தார்’ என்பது. மூன்றுக்கும் திரையில் தோன்றுவது ஒரே பச்சைக் குறி. அதன் பொருள் வடிவமைப்பாளருக்குத் தெரியும். கற்பவருக்கும் சான்றிதழைப் பெறுகிற அலுவலகத்துக்கும் தெரியாது.

அந்த மாறிகளை மறுநாள்வரை காப்பதற்கு ஸ்கார்ம் 1.2 ஒரு புலத்தைத் தந்திருந்தது. அதன் கொள்ளளவு 4,096 எழுத்துகள். 2004ஆம் ஆண்டுப் பதிப்பின் பிந்தைய திருத்தத்தில் அது 64,000 ஆக உயர்த்தப்பட்டது.

என் ஒன்பது குறிகளும் எங்கே போயின என்பது அப்போதுதான் விளங்கியது. பாடத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். அது பழைய பதிப்பில் அமைந்தது. பெட்டிகளில் எழுதிய விடைகளையும் பட்டியலின் மாறிகளையும் அது அதே ஒரு புலத்தில் சேமித்துக்கொண்டிருந்தது. என் விடைகள் நீண்டன, புலம் நிறைந்தது, மிகுந்ததை அமைப்பு ஏற்கவில்லை. மறுநாள் பாடம் திறந்தபோது படிக்கத்தக்க நினைவு ஏதும் அதற்கு வாய்க்கவில்லை. ‘சரி’ என்று ஒரு சொல் எழுதியவருக்கு இந்தத் தடை வரவே வராது. கூடுதலாக எழுதியவரைத் தண்டிக்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. கற்பவரின் எழுத்து இவ்வளவு நீளும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

5. பூட்டும் கட்டமும்

பாடம் தயாரிக்கும் மென்பொருள்கள் இன்று பட்டியலை மூன்று விதமாக அமைக்க வழிசெய்கின்றன. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பது ஒன்று. பார்த்த பகுதிகளுக்கு மட்டும் திரும்பலாம் என்பது இரண்டாவது. வரிசை பிறழாமல்தான் போகவேண்டும் என்பது மூன்றாவது. கட்டாயப் பயிற்சிகளில் மூன்றாவதை நான் மிகுதியாகக் காண்கிறேன். தாவிச் செல்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் பூட்டிய பட்டியல் வரைபடமாக இருக்க முடியாது. தெரிந்த பகுதியைக் கடந்து தெரியாத பகுதிக்கு நேரே போகும் வழியை அது அடைக்கிறது. மேலும், காணொலி ஓடி முடியும்வரை அடுத்த பொத்தான் திறக்காது என்று அமைத்தால், கற்பவர் பாடத்தைக் கவனிப்பதற்கு மாறாகப் பொத்தானைக் கவனிக்கத் தொடங்குகிறார்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டௌகியமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடுல், 2010இல் வந்த அதன் இரண்டாம் பெரும்பதிப்பில் செயல்நிறைவைக் கண்காணிக்கும் வசதியைப் பெற்றது. அதில் இருவகைக் கட்டங்கள் இருந்தன. ஒன்றில் அமைப்பு தானே குறியிடும். மற்றதில் கற்பவர் தம் கையால் குறியிடுவார். வேண்டுமானால் அதை எடுத்தும் விடலாம். ஒன்றின் விளிம்பு தொடர்கோடு, மற்றதன் விளிம்பு துண்டுக்கோடு என்று இரண்டும் பார்த்தவுடனே வேறுபட்டுத் தெரிந்தன. ‘முடித்துவிட்டேன் என்று நான் சொல்கிறேன்’ என்பதும் ‘முடித்துவிட்டார் என்று அமைப்பு சொல்கிறது’ என்பதும் இருவேறு கூற்றுகள் என்பதை ஒரு கோட்டின் வேறுபாட்டால் காட்டிய அவ்வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2013இல் வந்த எக்ஸ்.ஏ.பி.ஐ. தரநிலை, இன்னார் இதைச் செய்தார் என்ற எளிய வாக்கிய வடிவில் எந்தக் கற்றல் அனுபவத்தையும் பதியலாம் என்றது. நூல் படித்ததையும் களத்துக்குச் சென்றதையும் பதியலாம். ஆறு சொற்களின் சிறையிலிருந்து அது விடுதலைதான். ஆயினும் எந்த வினைச்சொல்லை எப்போது எழுதுவது என்ற பழைய கேள்வி அங்கும் வடிவமைப்பாளரிடமே இருக்கிறது.

6. இந்தியாவின் இரண்டு விடைகள்

நம் நாட்டில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஒருங்கே வழங்குகின்றன.

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.ஈ.எல்., முதலில் விரிவுரைகளின் திறந்த தொகுப்பாகவே இருந்தது. விரும்பியவர் விரும்பியதைப் பார்த்தார்; கணக்கெடுக்க யாருமில்லை. 2014இல் அது சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கியபோதும், 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் முறையாகத் தொடங்கப்பட்டபோதும், வாராந்தரப் பாடப்பட்டியல் இடப்புறத்தில் வந்தது. ஆனால் என்.பி.டி.ஈ.எல். சான்றிதழைத் தீர்மானிப்பது அப்பட்டியல் அன்று. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடு, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. காணொலிகளை முழுவதும் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. பட்டியல் அங்கே மாணவரின் வசதிக்கான வரைபடமாகவே எஞ்சியிருக்கிறது. தேர்வு மையத்துக்கு நெடுந்தொலைவு பயணம் செய்யவேண்டிய மாணவரின் சுமை இம்முறையின் குறை என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாம் விடை பணியிடைப் பயிற்சிகளில் காணப்படுவது. 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்‌ஷா தளத்தில், பெருந்தொற்றுக் காலமான 2020 அக்டோபரில் தொடக்கக்கல்வி ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி 18 பாடத்தொகுதிகளாக இணையத்துக்கு வந்தது. இலட்சக்கணக்கான ஆசிரியர்களை ஒரே நேரத்தில் சென்றடைய அப்போது வேறு வழி இருக்கவில்லை. இத்தகைய பேரளவில் முடித்தோர் விழுக்காடு என்ற எண்ணே கண்ணாகிவிடுகிறது. பெல்லின் பள்ளிக்கு நேர்ந்ததுதான் இது: நேரில் பார்க்க முடியாதபோது பதிவேட்டைப் பார்க்கிறோம். ஆனால் பெல்லின் பதிவேட்டுக்கு எதிரே அதே கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தனர். பதிவை நம்பாதவர் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லலாம். நம் பச்சைக் குறியைச் சரிபார்க்க அப்படியொரு வழி இல்லை.

7. என்ன செய்யலாம்?

முன்னேற்றத்தைக் கண்காணிப்பதே தவறு என்பது என் வாதமன்று. பாதியில் நின்ற மாணவரைக் கண்டுபிடித்து ஒரு சொல் பேச ஆசிரியருக்கு அது உதவும். விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்பவருக்கும் உதவும். டிக்கிட்டின் 16 விழுக்காட்டை மறந்து, முழுச் சுதந்திரமே தீர்வு என்று சொல்வதும் நேர்மையாகாது. அறிவுரை விசை மட்டும் போதவில்லை. பக்கத்தில் ஓர் ஆசிரியர் தேவைப்பட்டிருக்கிறார்.

நான் கேட்பவை மூன்று. முதலாவது, குறியின் பொருளைப் பட்டியலிலேயே சொல்லுங்கள். திறந்ததற்கும் பார்த்து முடித்ததற்கும் விடை தந்ததற்கும் வெவ்வேறு குறிகள் இருக்கட்டும். இரண்டாவது, கற்பவர் தாமே இடும் குறி ஒன்றுக்கும் இடம் தாருங்கள். ‘இதை மீண்டும் படிக்கவேண்டும்’ என்று ஒரு பகுதியின் அருகே எழுதிக்கொள்ளும் வசதி பெரும்பாலான கட்டாயப் பாடங்களில் இல்லை. முடித்ததைச் சொல்லத்தான் குறி உண்டு, புரியாததைச் சொல்ல இல்லை. மூன்றாவது, கற்பவர் எழுதிய விடையைப் பட்டியலின் மாறிகளோடு ஒரே புலத்தில் அடைக்காதீர்கள். அதைத் தனியே காத்து, ஒரு மனிதர் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். படிக்க ஆளில்லை என்றால் அந்தப் பெட்டியை வைக்காமலே விடலாம்.

மின்கற்றலில் ஆய்வு செய்யும் நண்பர்கள், பாடங்களின் உள்ளடக்கத்தை மட்டும் பார்க்காமல், பட்டியலில் எந்த நிகழ்வு எந்தக் குறியை மாற்றுகிறது என்பதையும் ஆவணப்படுத்த வேண்டுகிறேன். பத்தாண்டுகளுக்குப் பின் இந்தச் சான்றிதழ்களை வைத்து நம் காலத்துக் கல்வியை எழுதவருவோருக்கு, ‘முடித்தார்’ என்ற சொல் எதைக் குறித்தது என்று தெரியவேண்டுமல்லவா?

என் பயிற்சி என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். முன்பு எழுதிய விடைகளில் ஒன்றிரண்டு நன்றாகவே அமைந்திருந்தன. அவற்றின் படி என்னிடம் இல்லை. இம்முறை காணொலிகளை ஓடவிட்டு, பெட்டிகள் பதினொன்றிலும் ‘சரி’ என்று தட்டச்சு செய்தேன். அன்று மாலையே சான்றிதழ் வந்துவிட்டது.